கையால் சொன்ன பொய்கள்

என் கணவர் இறந்த மதியம், நான் கொஞ்ச நேரம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. செத்தவர்போல் கிடப்பது அவருடைய பழைய விளையாட்டு. "போதும் எழுந்திருங்க, கம்ப்ரெஸருக்கு எண்ணெய் மாத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று முதுகில் தட்டினேன். காலைக் கிள்ளினேன். கடைசியில் கொழுந்தன் வந்து என்னை நகர்த்தி உட்காரவைத்தார். அவரும் முதலில் அண்ணனுடைய மூக்கைப் பிடித்துத்தான் பார்த்தார். சந்தேகம் அவருக்கும் இருந்தது.

கடலில் போயிருந்தால் ஊருக்கு ஒரு கதையாவது கிடைத்திருக்கும். வாழ்நாள் முழுக்க நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிய மனுஷன் பாயில் படுத்துப் போய்ச் சேர்ந்தார் என்பதை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் இரண்டு பேர், நான் கவனிக்கவில்லை என்று நினைத்து, அவருடைய விலாவில் விரலால் குத்திப் பார்த்ததை நான் பார்த்தேன்.

எல்லாரும் அவரை ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குள் அவருக்கு அவசரமே கிடையாது. கழுத்தை நீட்டி நீட்டி ஒவ்வொரு பாறை இடுக்கையும் எட்டிப் பார்த்தபடி போவார். கரையில் கதையே வேறு. வாய் ஓயாது. அப்படிப்பட்டவருக்குப் பேச முடியாத இடத்தில் தொழில். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு சிலிண்டரை மாட்டி, கடலுக்கடியில் கூட்டிப்போய், பாறையையும் மீனையும் காட்டி, உயிரோடு திருப்பிக் கொண்டுவந்து விடுவது. நாக்குக்கு லீவு கொடுத்த இடத்தில் அவர் கைகளுக்கு இரட்டை வேலை கொடுத்தார்.

முக்குளிக்கிறவர்களுக்கென்று உலகம் முழுக்கப் பொதுவான சைகைகள் உண்டு. கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம். கவிழ்த்தால் கீழே. கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் காற்று தீர்ந்துவிட்டது. இவருக்கு அது போதவில்லை. "இது சைகையாடி? கஞ்சன் எழுதின தந்தி" என்பார். அதனால் சொந்தமாக ஒரு பாஷையையே உண்டாக்கி, எனக்குக் கற்றுக்கொடுத்தார். காது மடலைப் பிடித்து இழுத்தால், 'நீரோட்டம் திரும்பிவிட்டது, பாறையைப் பிடி'. நெற்றியில் முஷ்டியால் குட்டிக்கொண்டால், 'நீ கெட்டிக்காரி'. மூன்று விரலால் வயிற்றைத் தட்டினால், 'அதோ போகிறாரே, அவர் நேற்று ஓட்டலில் சாப்பிட்டதை நான் பார்த்தேன்'. இவை எல்லாம் பெரிய முக்குளிப்பவர்கள் பயன்படுத்துகிற சைகைகள் என்று சத்தியம் செய்தார். எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர் ஒருவர்தான். வேறு யாரோடும் நான் கடலில் இறங்கியதில்லை. நம்பினேன்.

கொழுந்தனுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் கொழுந்தனும் நானும் ஒன்றாக இறங்கியதே இல்லை. சிலிண்டர்கள் நிரப்பி வைக்கும் எங்கள் கடையில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ஒரு நாள் நான் கூடப் போவேன், கொழுந்தன் சிலிண்டர் நிரப்புவார். மறுநாள் அவர் போவார், நான் நிரப்புவேன். வேறு எந்த விஷயத்திலும் சட்டம் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாத மனுஷன் இந்த ஒன்றில் மட்டும் ஏன் அவ்வளவு கறாராக இருந்தார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அவர் போன பிறகுதான் கடையின் உண்மையான நிலை உறைத்தது. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு இறங்க வழிகாட்டி அட்டை வேண்டும். அது அவரிடம் மட்டும்தான் இருந்தது. கொழுந்தன் இரண்டு முறை எழுத்துத் தேர்வு எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டவர். "தண்ணிக்குள்ள பண்றதைத் தாள்ல எழுதச் சொன்னா எப்படி?" என்பது அவருடைய வாதம். எனக்கு எழுத்து வரும். உட்கார்ந்து படித்தேன், எழுதினேன், தேறினேன். மிச்சம் இருந்தது கடல் தேர்வு. தேர்வாளர் வருஷத்துக்கு ஒரு முறைதான் எங்கள் பக்கம் வருவார். அதில் தவறினால் சீசன் போய்விடும், கடையை மூட வேண்டியதுதான். கொழுந்தனுக்குச் சரக்குப் படகில் வேலை தயாராக இருந்தது. எனக்கு அக்கா வீட்டு மாடி அறை தயாராக இருந்தது. உடைந்த தையல் மெஷினும் பழைய மெத்தைகளும் போட்டு வைத்திருக்கும் அறை. "ஜன்னல்ல நின்னு எட்டிப் பாத்தா ஒரு ஏரி தெரியும்" என்று அக்கா ஆறுதலாகச் சொல்லியிருந்தாள்.

தேர்வாளர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. ஒட்ட வெட்டிய நரைமுடி, வெயிலில் உரிந்த மூக்கு. சிரிப்பு என்பது கூடுதல் செலவு என்று நினைக்கிறவர்போல் இருந்தார். கடைக்குள் நுழைந்ததும் சுவரில் மாட்டியிருந்த ரப்பர் உடைகளைத் தடவிப் பார்த்தார். கம்ப்ரெஸரின் வடிகட்டியைக் கழற்றி முகர்ந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீங்க வழிகாட்டி. இவரு..." என்று கொழுந்தனைக் காட்டினார், "இவரு ஒண்ணும் தெரியாத விருந்தாளி. நான் பின்னாடி வந்து பாத்துக்கிட்டே இருப்பேன். நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க."

"ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கணுமா மேடம்?" என்றார் கொழுந்தன்.

"நடிக்கவே வேணாம் மேடம், அவரு சும்மா இருந்தாலே போதும்" என்றாள் ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. எங்கள் படகை ஓட்டுகிறவள் அவள்தான். நீச்சல் தெரியும், ஆனால் தலையைத் தண்ணீருக்குள் விடமாட்டாள். "இந்த வீட்டுல ஒருத்தருக்காவது காது கேக்கணும்ல" என்பாள்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் இரண்டு பெரிய பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒரு சந்து. அதற்குக் கொட்டாவி என்று பெயர். நீரோட்டம் திரும்பும்போது அந்தச் சந்து எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். மீன்கள் அங்கேதான் குவிந்திருக்கும் என்பதால் விருந்தாளிகளும் அங்கேதான் போக வேண்டும் என்பார்கள். நீரோட்டம் அடங்கியிருக்கும் கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு, அது திரும்புவதற்குள் பாறையின் மறைவுக்கு வந்துவிட வேண்டும். அந்தக் கணக்குத்தான் எங்கள் தொழில்.

படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தோம். அவர் போன பிறகு கரையோரத்தில் கொழுந்தனோடு பயிற்சி செய்திருந்தேனே தவிர, இந்தப் பாறைக்கு வரவில்லை. கரையோரத்தில் மணலும் ஒரு பழைய டயரும்தான் இருக்கும். பேசிக்கொள்ள அங்கே விஷயமே இருக்காது.

இறங்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. காதில் அழுத்தம் சரியாகிறதா என்று கேட்டேன், கொழுந்தன் விரலை வளையமாக்கிச் சரி என்றார். காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன், காட்டினார். நல்ல விருந்தாளியாக நடிக்க வேண்டும் என்பதற்காக ஒரு நட்சத்திர மீனைப் பார்த்து வாயைப் பிளப்பதுபோல் கையை விரித்தார். தேர்வாளர் பின்னால் ஒரு போலீஸ்காரர்போல் மிதந்து வந்தார். பாறையில் மஞ்சள் வரி போட்ட சின்ன மீன்கள் நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே திசையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. நீரோட்டம் எங்கிருந்து வருகிறதோ அங்கே பார்த்து நிற்பது அவற்றின் வழக்கம். கொட்டாவியின் வாசல் வரை போய், கொழுந்தனைப் பாறை ஓரமாக நிறுத்தினேன்.

அப்போது அந்த மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின.

புத்தகத்தில் இதற்கு ஒரு சைகை இருக்கிறது. ஒரு உள்ளங்கையை விரித்து, அதில் மறுகை முஷ்டியால் குத்த வேண்டும். படம் போட்டிருந்தது. நான் மனப்பாடம் செய்திருந்தேன். கண்ணாடி முன் நின்று செய்தும் பார்த்திருந்தேன். ஆனால் பதறும்போது கை தாய்மொழியில்தான் பேசும். என் கை நேராகக் காதுக்குப் போனது. மடலைப் பிடித்து இழுத்தேன்.

கொழுந்தன் அதைப் பார்த்தார். தலையாட்டினார். பாறையிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். தலையை அண்ணாந்து, மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கால் ஊதி, சாவகாசமாக மாஸ்க்கைக் கழுவ ஆரம்பித்தார்.

நீரோட்டம் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. மனுஷனைச் சருகுபோல் தூக்கிக்கொண்டு போனது.

நான் பாறையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் காதை இன்னும் வேகமாக இழுத்தேன். அவர் பின்பக்கமாகப் போய்க்கொண்டே, என்னைப் பார்த்துக் கலவரத்தோடு மறுபடியும் மாஸ்க்கைக் கழுவினார். இந்த முறை இன்னும் சுத்தமாக. நான் காது பிய்ந்துவிடும் அளவுக்கு இழுத்தேன். மூன்றாவது முறையும் கழுவினார். இவ்வளவு சுத்தமான மாஸ்க்கோடு யாரும் கொட்டாவிக்குள் போனதில்லை.

அதற்குள் அவர் விடும் காற்றுக் குமிழிகள் மேலே போகாமல் கீழே போகத் தொடங்கின. தண்ணீர் ஆளைக் கீழே இழுக்கிறது என்று அர்த்தம். அவருக்கும் அது உறைத்தது. அவர் முஷ்டியால் தன் நெற்றியில் குட்டிக்கொள்ள ஆரம்பித்தார். டொக் டொக்கென்று, என்னைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த நேரத்திலா என்னைப் பாராட்டுவது? ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? அவருடைய அண்ணன் என்னைக் 'கெட்டிக்காரி' என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வது என் வழக்கம். கை தானாக நெஞ்சுக்குப் போனது. தலை தானாகக் குனிந்தது.

கொழுந்தன் கண்களை விரித்துக்கொண்டு சந்துக்குள் மறைந்தார்.

அதற்குப் பிறகு நான் யாரோடும் பேசவில்லை. பாறையை விட்டேன். நீரோட்டம் என்னையும் தூக்கிக்கொண்டு போனது. சந்தின் சுவர்கள் இரண்டு பக்கமும் பஸ் ஜன்னலில் பார்ப்பதுபோல் ஓடின. கையை நீட்டினேன், அவருடைய சிலிண்டரின் கழுத்து அகப்பட்டது. இறுக்கிப் பிடித்தேன். இடுப்பில் தொங்கிய இரும்புக் கொக்கியை எடுத்து, சந்தின் கடைசியில் துருத்திக்கொண்டிருந்த பாறை உதட்டில் மாட்டினேன். முதல் தடவை வழுக்கியது. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. கயிறு விறைத்தது. கொடியில் போட்ட துணிபோல் இரண்டு பேரும் படபடத்துக்கொண்டு கிடந்தோம். நான் அவருடைய ஜாக்கெட்டின் பட்டையை என் முழங்கையில் சுற்றிக்கொண்டேன். போனால் இரண்டு பேரும் போவோம், ஓரகத்திக்கு நான் தனியாகப் போய்ப் பதில் சொல்ல முடியாது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இழுப்பு கொஞ்சம் தளர்ந்ததும் கொக்கியை விடுவித்துக்கொண்டு சந்தின் மறுபக்கத் திறப்புக்கு வந்தோம். குமிழிகள் மேலே போயின. கட்டைவிரலை உயர்த்தினேன். நல்ல வேளை, அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. ஆரஞ்சு நிற மிதவையை ஊதி மேலே விட்டேன். அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் ஏறிய காற்று இறங்குவதற்காக வழக்கமாக நிற்கும் ஆழத்தில் நின்றோம். தேர்வாளரும் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் மிதந்தார். மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்துக்கொண்டு நின்றோம். சண்டை போட வாய் காலியாகக் காத்திருக்கும்போது அந்தச் சில நிமிஷங்கள் எவ்வளவு நீளம் என்று முக்குளிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஓரகத்தி படகைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"என்னக்கா, ஒரு பக்கம் இறக்கிவிட்டா இன்னொரு பக்கம் வந்து முளைக்கிறீங்க?"

நான் மாஸ்க்கைக் கழற்றியதும் முதலில் கொழுந்தனைத்தான் பிடித்தேன். "தம்பி, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பாறையைப் பிடி, பிடின்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க உக்காந்து மூஞ்சி கழுவுறீங்க?"

"எப்ப அண்ணி கத்துனீங்க? மூக்கு ஒழுகுது, மூக்கு ஒழுகுதுன்னு நீங்கதானே சொல்லிக்கிட்டே இருந்தீங்க! நானும் எவ்வளவுதான் கழுவுறது?"

"மூக்கா?"

"இது மூக்குதானே?" என்று காது மடலை இழுத்துக் காட்டினார். "மாஸ்க்குக்குள்ள மூக்கு ஒழுகியிருக்கு, கழுவு. அண்ணன் சொல்லிக்குடுத்தது. விருந்தாளிங்க முன்னாடி அசிங்கமா இருக்கும், உடனே கழுவிடணும், அது சர்வதேச மரியாதைன்னாரு."

நான் அவரைப் பார்த்தேன். "அப்ப நெத்தியில குட்டினது?"

"தண்ணி கீழ இழுக்குது, மேல தூக்குங்கன்னு சொன்னேன். நீங்க என்னடான்னா மேடையில மாலை வாங்குற மாதிரி தலையக் குனிஞ்சுட்டு நிக்கிறீங்க. சாகப்போறவனுக்கு மரியாதை செய்யறாங்க போலன்னு நெனச்சேன்."

ஓரகத்தி இயந்திரத்தை அணைத்தாள். "இருங்க, இருங்க. காதை இழுத்தா மூக்கா? அது சாப்பாடு இல்ல?" எங்கள் பக்கம் திரும்பினாள். "மாமா மேல வந்ததும் படகைப் பாத்துக் காதை இழுப்பாரு. டிபன் கேரியரைத் திறந்து வைன்னு அர்த்தம். அவரு ஏறுறதுக்குள்ள நான் தட்டே போட்டிருப்பேன்."

படகு தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. முதலில் கொழுந்தனின் தோள் குலுங்கியது. பிறகு எனக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. அழுகை என்றுதான் நினைத்தேன். அவர் போனதிலிருந்து அதுதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. சிலிண்டர்களின் மேல் விழுந்து விழுந்து சிரித்தேன். ஓரகத்தி சுக்கானில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். ஆளுக்கொரு அர்த்தம்! கடையில் ஒருவர் இருக்க வேண்டும் என்ற சட்டம்! எவ்வளவு வருஷமாக எங்கள் மூன்று பேரையும் நடுவில் நின்றுகொண்டு தனித்தனியாக ஏமாற்றியிருக்கிறார்!

தேர்வாளர் சிரிக்கவில்லை. தலைமுடியைத் துடைத்துக்கொண்டு எங்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல தண்டனை வாங்குற மாதிரி, ஒருத்தர் காதைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் குட்டிக்கிட்டு... எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பாறையை விட்டுட்டுப் போய் அவரைப் பிடிச்சது, கொக்கி போட்டது, மேல கொண்டுவந்தது, எல்லாம் சரி. அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா நீரோட்டம் அவரை அடிச்சுட்டுப் போனதே உங்களாலதான். இன்னைக்கு இவரு. நாளைக்கு வேற யாரோ."

"மேடம்..."

"நாளைக்கு மதியம் படகுல நான் கிளம்பறேன். காலையில ஒரு தடவை இறங்கலாம். அதுக்குள்ள உங்க வீட்டு பாஷையை ஒழிச்சுட்டு வாங்க. ஒரு சைகைக்கு ஒரு அர்த்தம். முடியலைன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் என்றால் எனக்கு ஏரி தெரியும் ஜன்னல் என்று அர்த்தம்.

சாயங்காலம் கடையின் பின்கட்டில், ஈர உடைகள் சொட்டிக்கொண்டிருக்க, மூன்று பேரும் கவிழ்த்துப் போட்ட தொட்டிகளின் மேல் உட்கார்ந்தோம். அவர் விட்டுப்போன சொத்தைப் பிரிக்க உட்கார்ந்த மாதிரித்தான் இருந்தது. ஓரகத்தி நடுவர். நான் ஒரு சைகையைக் காட்டுவேன், அவர்கள் தங்கள் அர்த்தத்தைச் சொல்ல வேண்டும். பிறகு கொழுந்தன் ஒன்று காட்டுவார்.

மூன்று விரலால் வயிற்றைத் தட்டினேன். எனக்கு அது ஓட்டல் வம்பு. கொழுந்தனுக்கு 'விலாங்கு மீன், இடுக்கில் கையை விடாதே'.

"அடப்பாவி மனுஷா" என்றார் கொழுந்தன், அண்ணனை முதல்முறையாக மரியாதையில்லாமல். "நான் அன்னைக்கு உங்களைப் பாத்து வயித்தைத் தட்டி ஜாக்கிரதைன்னு சொன்னேனே அண்ணி, கரையில, அந்தக் குண்டு விருந்தாளி இருந்தப்ப..."

"நான் சிரிப்ப அடக்க முடியாம கையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடினேனே, அதுவா?"

"அதான். அந்த விருந்தாளிக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு."

இப்படியே போனது. இரண்டு முழங்கையையும் உரசினால் எனக்கு 'குளிர்கிறது', அவருக்கு 'பின்னால் வருகிறவர் புருஷன்-பெண்டாட்டி சண்டையில் இருக்கிறார், விலகி நில்'. பாதத்தை ஆட்டினால் எனக்கு ஆமை, அவருக்கு 'அண்ணி கோபமாக இருக்கிறாள், இன்று வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டாம்'. இதை அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. கரையோரத்தில் மிதந்துகொண்டே அவர் பாதத்தை வெளியே நீட்டி ஆட்ட, ஆமையைக் காட்டுகிறார் என்று நான் சுற்றிச் சுற்றித் தேடிய நாட்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. கரையில் நின்ற தம்பிக்குத்தான் அவர் காலை ஆட்டியிருக்கிறார்.

"இதை யாரு வச்சுக்கறது?" என்பாள் ஓரகத்தி ஒவ்வொன்றுக்கும்.

"யாருக்கும் வேணாம். தள்ளு."

"எனக்கு அந்தச் சாப்பாட்டுக் காதை மட்டும் விட்டுடுங்கக்கா."

"அதுதான் முதல்ல போகணும். அதனாலதான் உன் புருஷன் இன்னைக்குப் போய்ச் சேரப் பாத்தாரு."

ஒழித்துக்கொண்டே வந்தோம். ஒவ்வொன்றையும் தள்ளும்போது சிரித்தோம். கொழுந்தன் ஒரு முறை எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். இந்த முறை காதை யாரும் இழுக்கவில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளங்கையில் முஷ்டியால் குத்திப் பழகினோம். நான் குத்துவேன், கொழுந்தன் உடனே எது கிடைக்கிறதோ அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி, கதவு, ஓரகத்தியின் பின்னல். ஓரகத்தி எதிர்பாராத நேரத்தில் குத்துவாள். சோற்றில் கைவைத்திருந்தவர் தூணைப் பிடித்தார்.

"வேற ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டாள் அவள் கடைசியில்.

ஒன்று இருந்தது. மேலே வருவதற்கு முன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் அவர் எனக்குக் காட்டுவது. அதன் அர்த்தமாக அவர் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும். அதையே கொழுந்தனிடம் என்னவென்று சொல்லி வைத்திருக்கிறாரோ, யாருடைய மூக்கோ, யாருடைய வயிறோ. கேட்டால் தெரிந்துவிடும்.

"இல்ல" என்றேன். "அவ்வளவுதான்."

மறுநாள் காலை மீன்கள் திரும்பியபோது என் கை பாதி தூரம் காதுக்குப் போனது. போன கையை அப்படியே இறக்கி, விரித்த உள்ளங்கையில் ஓங்கிக் குத்தினேன். கொழுந்தன் பாறையைப் பிடித்த பிடியில் சிப்பி இரண்டு பெயர்ந்து வந்தன. நீரோட்டம் எங்களைத் தாண்டிப் போய்க் கொட்டாவிக்குள் விழுந்தது. நாங்கள் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு, மறைவுக்கு நகர்ந்து, ஏறி, நின்று, மேலே வந்தோம். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. தேர்வாளர் படகில் ஏறி உட்கார்ந்ததும், "ம்" என்றார். அது தேறிவிட்டேன் என்பதற்கான சொல் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைக்கு வந்து தாளில் கையெழுத்துப் போட்டார். "இனிமே உங்க பழைய சைகை எதுவும் இல்லையே?"

"இல்ல மேடம்" என்றோம் மூன்று பேரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் ஒன்றாக.

பயணிகள் படகு சங்கு ஊதியது. அவரைப் படகுத்துறைவரை கொண்டுபோய் ஏற்றிவிட்டோம். பலகையை எடுத்தார்கள், படகு விலகியது. நாங்கள் துறையிலேயே நின்று கையாட்டிக்கொண்டிருந்தோம். அவர் மேல்தளத்தில் நின்று பையில் எதையோ துழாவினார். திடீரென்று நிமிர்ந்து எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். இயந்திர சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உடனே இடது உள்ளங்கையை விரித்து, அதில் வலது முஷ்டியால் ஓங்கி ஓங்கிக் குத்திக் காட்டினார்.

கொழுந்தன் பாய்ந்து துறைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இங்க எங்கங்க நீரோட்டம்?" என்றாள் ஓரகத்தி.

"நமக்கில்ல, அவங்க படகுக்குப் போல" என்றார் அவர், தூணை விடாமல். "எச்சரிக்கை பண்றாங்க."

"படகுல இருக்கிறவங்க கரையில நிக்கிறவங்களையா எச்சரிக்கை பண்ணுவாங்க? சோதிக்கிறாங்க அக்கா. இன்னும் தேர்வு முடியல."

நானும் ஒரு கணம் பக்கத்தில் எதைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். தேர்வாளர் இன்னும் வெறியோடு குத்தினார். பிறகு பையிலிருந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினார். குட்டையான மரப்பிடி போட்ட ஒன்று.

நான் கையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். கையெழுத்து இருந்தது. அதன் கீழே வட்டமாக விட்டிருந்த இடம் காலியாக இருந்தது.

"முத்திரை!" என்றேன். "முத்திரை குத்த மறந்துட்டாங்க! தம்பி, தூணை விடுங்க!"

ஓரகத்தி எங்கள் படகை ஓட்டியதை அன்று பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பயணிகள் படகின் பக்கவாட்டில் கொண்டுபோய் ஒட்டினாள். மேலே ஜனங்கள் எல்லாம் கைப்பிடிக் கம்பியில் வந்து குவிந்துவிட்டார்கள். தேர்வாளர் கீழ்த்தளத்துக்கு ஓடி வந்து, வயிறு கம்பியில் அழுந்தக் குனிந்தார். தாளை வைத்துக் குத்த ஒரு பலகை இல்லை. கொழுந்தனைக் குனியச் சொல்லி, அவர் முதுகில் தாளை விரித்துப் பிடித்தேன். இரண்டு படகும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஆடின. மை இருக்கிற திண்டை அந்த அம்மாள் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை ஓங்கினார். முதல் குத்து கொழுந்தனின் பிடரியில் விழுந்தது. அடுத்தது தாளில் விழுந்தது.

"ஆடாதீங்க!" என்று கத்தினார் தேர்வாளர், திண்டைக் கடித்தபடியே.

"நான் எங்க மேடம் ஆடுறேன்? கடல் ஆடுது!"

அப்போதுதான் அவர் சிரித்தார். திண்டு பல்லிலிருந்து நழுவி, எங்கள் இரண்டு படகுக்கும் நடுவே தண்ணீரில் விழுந்து, ஊதா நிறமாகக் கரைந்துகொண்டே கீழே போயிற்று. யாரும் எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை. ஓரகத்தி சுக்கானைத் திருப்பினாள். கொழுந்தன் பிடரியைத் தடவி, விரலைப் பார்த்து, "அழியுமா அண்ணி இது?" என்று கேட்டார். நான் தாளைக் காற்றில் ஆட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

"அழியாதுன்னு நெனைக்கிறேன் தம்பி" என்றேன். "யாராவது கேட்டா ஓட்டுப் போட்ட மைன்னு சொல்லுங்க, இல்லைன்னா முத்திரை விழுந்ததால நீங்களும் வழிகாட்டி ஆயிட்டீங்கன்னு சொல்லுங்க. சீக்கிரம். நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க, சிலிண்டர் ஒண்ணும் நிரப்பல."